ஐந்து பேர் போட்ட கூலிங் கிளாஸ்

"இது எப்படி இருக்கு அண்ணி?"

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து கொழுந்தன் மாட்டிப் பார்க்கும் ஒன்பதாவது கூலிங் கிளாஸ் அது.

"தேன்கூட்டைக் கலைச்சுட்டு ஓடுற ஆள் மாதிரி இருக்கு. கழட்டு," என்றார் அண்ணி.

கணவரின் தம்பி என்ற ஒரே தகுதியில் அண்ணியிடம் உதவியாளராகச் சேர்ந்தவன் கொழுந்தன். அதற்கு முன் பத்து வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்ததில், யாரிடமும் எந்த நேரத்திலும் எதையாவது பேசிக்கொண்டிருக்கும் வியாதி தொற்றிவிட்டது. போகிற இடமெல்லாம் அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் ஊருக்கே அவர் அண்ணியாகிவிட்டார். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் சேத மதிப்பீடு செய்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். வாசலில் அவருடைய பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டியிருக்கிறார்கள். அதை இதுவரை படித்தவர் தபால்காரர் மட்டும்தான்.

"மணி பதினொண்ணு. நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. ஒரு மணிக்கு நாம படகுல இருக்கணும். நீ சினிமாவுக்கு மேக்கப் போடலை."

"அஞ்சு சாட்சி இருக்கிற கேஸ் அண்ணி. தோக்கப் போறோம். தோக்கும்போது அழகாவாவது இருப்போமே."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, பாய்மரப் படகுச் சங்கத்தின் புத்தம் புதுப் படகு முதல் ஓட்டத்திலேயே மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சுக்கான் பிடித்தவர் சங்கத் தலைவர். கூட இருந்தவர்கள் கமிட்டியின் மற்ற நால்வர்: துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு பல் டாக்டர். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்த ஜனம் மூன்று மணி நேரம் காற்றை மறந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்துவந்தது.

கரையில் கால் வைத்ததும் தலைவர் சொன்ன முதல் வார்த்தை: "ஆழ மீட்டர் வேலை செய்யலை." நால்வரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஐந்து பேரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்: மீட்டரின் திரை கறுப்பாக, செத்துக் கிடந்தது.

மீட்டரைப் பொருத்தியவர் துறைமுகத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பெண் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் மீட்டரம்மா. ஞாயிறு மாலையே கழற்றிச் சோதித்தார். நன்றாக ஓடியது. திரும்ப மாட்டிவிட்டு அதைச் சொன்னார். "மணல்ல மோதின அதிர்ச்சியில சரியாயிருக்கும்," என்றார் தலைவர், நோயாளியைப் பார்க்காமலே மருந்தெழுதும் டாக்டரைப் போல. பட்டறை இருப்பது சங்கத்தின் இடத்தில். இன்று கமிட்டி தீர்மானம் போட்டால், நாளை மீட்டரம்மா பட்டறையைக் காலி செய்ய வேண்டும். பதினான்கு வருடத் தொழில். ஊரில் வேறு துறைமுகம் கிடையாது. அண்ணியைத் தேடி வந்தது அவர்தான்.

"அஞ்சு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க, ஒரு பொம்பளை வேற மாதிரி சொல்றாங்க," என்றான் கொழுந்தன். "தலையை எண்ணினா..."

"தலையை எண்ணுறதுக்கு நான் எதுக்கு? ஒரு கால்குலேட்டர் போதுமே."

கடைக்காரர் இதுவரை பொறுமையாக இருந்தார். இப்போது குறுக்கே வந்தார். "படகுலயா போறீங்க? அப்ப ஸ்டைலைப் பார்க்காதீங்க சார். ரோட்ல வெயில் மேலேருந்துதான் வரும். தண்ணியில கீழேருந்தும் வரும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எல்லாத்தையும் இருட்டடிக்கும், அவ்வளவுதான். தண்ணி மேல பளபளன்னு கண்ணைக் குத்துற கூச்சம் போகணும்னா போலரைஸ்டுதான் வேணும். பக்கவாட்டுல வெளிச்சம் புகாம கன்னத்தோட வளைஞ்சு நிக்கணும். பின்னாடி கயிறு வேணும். இல்லேன்னா முதல் அலையிலயே மீனு போட்டுக்கும்."

அவர் வெல்வெட் தட்டில் ஒன்றை எடுத்து வைத்த விதத்தில் ஒரு பயபக்தி தெரிந்தது.

"இதுதான் தலைவர் மாடல்."

"எந்தத் தலைவர்?" என்றார் அண்ணி.

"படகுச் சங்கத் தலைவர்தாங்க. மூணு வாரம் முன்னாடி வந்தாரு. இருக்கிறதுலயே விலை கூடினது எதுன்னு ஒரே ஒரு கேள்விதான். மறுநாள் செயலாளர் வந்து அதே வேணும்னாரு. அப்புறம் பொருளாளர். துணைத் தலைவருக்குப் பவர் உண்டு, அதையும் போட்டு இதே ஃபிரேம்ல செஞ்சு குடுத்தேன். பல் டாக்டருக்கு மூக்கு சின்னது, நிக்கவே மாட்டேங்குது. வேற காட்டினா கோவிச்சுக்கிட்டாரு. வழுக்கிட்டே இருந்தாலும் இதுதான் வேணுமாம்."

"எனக்கும் இதே குடுங்க."

"அண்ணி, நீங்களும் சங்கத்துல சேர்ந்துட்டீங்களா?" என்றபடி கொழுந்தன் வாசல் பக்கம் கூடையில் கொட்டிக் கிடந்தவற்றிலிருந்து நீலமாக மின்னும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "அது சும்மா கலர் பிளாஸ்டிக் சார். தண்ணியில ஒண்ணுக்கும் உதவாது."

"நானும் அப்படித்தாங்க. ஜோடி பொருந்துது."

*

படகுத்துறையில் செயலாளர் காத்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, தோளில் தங்க நிறப் பட்டை, கண்ணில் தலைவர் மாடல். கப்பல் படையை நடத்திச் செல்பவர் போன்ற தோற்றம். படகை மரத்தூணில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஏழு நிமிடம் பிடித்தது.

"இதையும் பார்த்துக்குங்க மேடம்," என்று துறையின் முகப்பில் இருந்த ஒரு திரையைக் காட்டினார். "காத்து வேகம் காட்டுற போர்டு. அதே கம்பெனி. இதையும் அந்தம்மாதான் மாட்டினாங்க. ரெண்டு மூணு வாரமா இதுவும் செத்துக் கிடக்கு. நான் தலைவர்கிட்ட அப்பவே சொன்னேன்."

அண்ணி தன் புதுக் கண்ணாடி வழியே பார்த்தார். கறுப்பு. கொழுந்தன் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதவை அங்கியின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வார் ஜெயித்துக்கொண்டிருந்தது.

படகு கிளம்பியது. பாய் லேசாகப் புடைத்தது. கடைக்காரர் சொன்னது சரிதான். தண்ணீரின் மேல் கண்ணைக் குத்தும் பளபளப்பு காணாமல் போய், அலைகள் இஸ்திரி போட்ட மாதிரித் தெளிவாகத் தெரிந்தன.

"ஒரு சந்தேகம்," என்றார் அண்ணி. "மணல்ல ஏறினதுல படகுக்குக் கீறல்கூட விழலை. யாருக்கும் அடி இல்லை. அதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

செயலாளர் நிமிர்ந்தார். "சங்க விதி பதினேழு மேடம். தரைதட்டினவர் ஒரு வருஷத்துக்குச் சுக்கானைத் தொடக் கூடாது. கருவி பழுதுன்னு நிரூபிச்சா மட்டும்தான் விலக்கு. விதியை எழுதினதே தலைவர்தான். கத்துக்குட்டிகளுக்காக எழுதினது. அடுத்த மாசம் வருடாந்தரப் போட்டி. முதல் படகை அவர்தான் ஓட்டணும். பதினோரு வருஷமா அப்படித்தான்."

"ஜெயிச்சிருக்காரா?" என்றான் கொழுந்தன்.

"கலந்துக்கிட்டிருக்கார்."

படகின் ஆட்டம் கொழுந்தனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுக்கானுக்குப் பக்கத்தில் பதித்திருந்த மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நாலு புள்ளி ரெண்டு."

"என்னது?"

"ஆழம். விழுந்தா எவ்வளவு தூரம் போவேன்னு பார்த்துட்டிருக்கேன். இப்ப நாலு புள்ளி ஒண்ணு."

செயலாளர் திரும்பினார். "எதைப் பார்த்துத் தம்பி சொல்றீங்க?"

"இதைப் பார்த்துத்தான்."

"அது செத்துப்போய் அஞ்சு நாளாச்சு. விளையாடாதீங்க."

"செத்தது பேசுது சார். மூணு புள்ளி எட்டு."

"தம்பி, கண்ணெதிர்ல கறுப்பா இருக்கு. ஒரு எழுத்துகூட இல்லை. மேடம், நீங்களே சொல்லுங்க."

அண்ணி பார்த்தார். திரை கறுப்பு. அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. கொழுந்தனைப் பார்த்தார், எந்நேரமும் கிண்டலடிக்கிற முகம் இப்போது பச்சையாக வெளிறி, பொய் சொல்லத் தெம்பில்லாமல் இருந்தது. செயலாளரைப் பார்த்தார்; உண்மையை மட்டுமே சொல்கிறவரின் கோபம்.

அண்ணி மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றினார்.

3.6.

திரும்ப மாட்டினார். கறுப்பு. தலையை இடது தோள்மீது சாய்த்தார். இருட்டிலிருந்து எழுந்து வருவதுபோல் எண்கள் மங்கலாகத் தெரிந்தன. நிமிர்ந்தார். மறைந்தன.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா அண்ணி?"

"ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றீங்க," என்றார் அண்ணி. "சார், கண்ணாடியைக் கழட்டிட்டு மீட்டரைப் பாருங்க."

செயலாளரின் கை பாதி வழி போய் நின்றது. பழக்கமில்லாத காரியம் செய்கிறவரின் தயக்கம். பிறகு கழற்றினார். பார்த்தார். வாய் திறந்தது. திரையில் 2.9 என்று இருந்தது. மணல்திட்டு நேர் எதிரே. பெரிய சத்தத்தோடு பாயை மறுபக்கம் மாற்றி, படகைத் திருப்பி, மூச்சு வாங்கினார்.

"இந்த வகைக் கண்ணாடி தண்ணியோட கூச்சத்தை மட்டும் வெட்டறதில்லை," என்றார் அண்ணி. "இந்த மாதிரித் திரையிலேருந்து வர்ற வெளிச்சத்தையும் ஒரு கோணத்துல அப்படியே வெட்டிடுது. மீட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு. பார்த்த அஞ்சு ஜோடிக் கண்ணும் ஒரே கடையில வாங்கினதைப் போட்டிருந்துச்சு."

"அஞ்சுல ஒருத்தர்கூடக் கழட்டலையா சார்?" என்றான் கொழுந்தன். "மூணு மணி நேரம் நின்னீங்களே."

செயலாளர் பாயைப் பார்த்தபடி சொன்னார்: "தலைவர் கழட்டலை."

அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல் சொன்னார். சற்று நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தம்மா மேலயும் தப்பில்லை, எங்க மேலயும் தப்பில்லை. யாருமே பொய் சொல்லலை. எவ்வளவு நல்ல விஷயம் மேடம். உடனே தலைவர்கிட்ட..."

"நாலு மணிக்குச் சொல்லிக்கலாம். எல்லாரும் இருக்கும்போது. அதுவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

*

துறையில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். உயரம் நடுத்தரம், தொப்பி மீதியைச் சமாளித்தது. கண்ணில் தலைவர் மாடலின் மூலப் பிரதி.

"வாங்க வாங்க. சோதனை முடிஞ்சுதா? ரொம்ப தூரம் போயிருக்க மாட்டீங்க." முகப்புத் திரையின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "காத்து பன்னெண்டு. இந்தக் காத்துல பழகாதவங்க வெளியில போறதை நான் அனுமதிக்கிறதில்லை. உங்களுக்காகத்தான்."

"ரொம்ப நன்றி சார்," என்றார் அண்ணி. நன்றி சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன அண்ணி, கரையேறியும் தலை சுத்துதா?" என்றான் கொழுந்தன்.

"இப்பத்தான் நின்னுச்சு. நீ போய் அந்த மீட்டரைக் கழட்டிட்டு வா. செயலாளரையும் கூட்டிட்டுப் போ. அவர் முடிச்சு அவிழ்க்கிற ஆள், ஸ்க்ரூவை நீயே பார்த்துக்கோ."

*

கமிட்டி அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கடல் தெரியட்டும் என்று கட்டியது. வெயில் அப்படியே உள்ளே வரும் என்பது கட்டிய பிறகுதான் தெரிந்தது. அதனால் கமிட்டி எப்போதும் கூலிங் கிளாஸோடுதான் தீர்மானம் போடும். வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பேருக்கும் ஒரே நாளில் கண் ஆபரேஷன் நடந்த மாதிரி இருக்கும்.

மீட்டரம்மா வாசலோரம் நின்றிருந்தார். அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை. கையில் கருவிப் பெட்டி. கொழுந்தன் தனக்குப் போட்ட நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தான் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"உக்காருங்க. நின்னாலும் இவங்க இதையேதான் எழுதுவாங்க."

"பசங்க ரெண்டு பேரும் பட்டறையில சாமான் கட்டிட்டிருக்காங்க," என்றார் மீட்டரம்மா தாழ்ந்த குரலில். "வேணாம்டா, அண்ணி போயிருக்காங்கன்னேன். நம்பலை."

தலைவர் தொண்டையைச் செருமினார். "நேரத்தை வீணாக்க வேண்டாம். தீர்மானம் தயாரா இருக்கு."

அண்ணி மேசை நடுவில் ஆழ மீட்டரையும் ஒரு பாட்டரியையும் வைத்தார். "இதை ஓட விடுங்க," என்றார் மீட்டரம்மாவிடம். மீட்டரம்மா இரண்டு கம்பிகளை இணைத்து ஒரு பொத்தானை அமுக்கினார். "சோதனையில போட்டிருக்கேன். எல்லாக் கட்டத்துலயும் எட்டு காட்டும்."

"என்ன தெரியுது?" என்றார் அண்ணி.

"ஒண்ணுமில்லை," என்றார் பொருளாளர்.

"கறுப்பு," என்றார் பல் டாக்டர், மூக்கிலிருந்து வழுக்கியதை மேலே தள்ளியபடி.

"எனக்கும் கறுப்பாத்தான் இருக்கு," என்றார் தலைவர். "போதுமா? கமிட்டி முன்னாடியே நிரூபிச்சுட்டீங்க. நன்றி."

"இப்பக் கழட்டிட்டுப் பாருங்க."

நால்வரும் தலைவரைப் பார்த்தார்கள். செயலாளர் மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாக, காத்திராமல் கழற்றினார். அவரைப் பார்த்துத் துணைத் தலைவர். பிறகு மற்ற இருவர். மேசை மேல் மூன்று எட்டுகள் பளிச்சென்று நின்றன.

அண்ணி விஷயத்தை இரண்டு வரியில் விளக்கினார். அறையில் ஒரு சலசலப்பு. பல் டாக்டர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஆனந்தப்பட்டார். பொருளாளர் மட்டும் கலங்கிப்போய்க் கேட்டார்: "அப்ப போன வாரம் வேலை செய்யலைன்னு குப்பையில போட்டமே ரெண்டு மீட்டர்?"

"அதை நான் எடுத்து வச்சிருக்கேன் சார்," என்றார் மீட்டரம்மா.

தலைவர் கையை உயர்த்தினார். சமாளிப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி. "ஆக, இது அறிவியல் சம்பந்தப்பட்ட ஒரு விபத்து. யார் மேலயும் குற்றமில்லை. கருவி கண்ணுக்குத் தெரியலைன்னா அது கருவி பழுதுக்குச் சமம். விதி பதினேழுல எனக்கு விலக்கு உண்டு. அந்தம்மா எந்தக் கண்ணாடி போடக் கூடாதுன்னு நம்மகிட்ட எழுத்துல சொல்லலை. அதனால பட்டறையை எடுக்கிறதுல மாற்றமில்லை, ஒரு மாசம் அவகாசம் குடுக்கலாம்."

மீட்டரம்மா எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணி. "உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"அழகா இருக்கு. பார்த்துட்டுத் தர்றேன்."

அழகு என்று சொன்னால் கொடுக்காமல் இருக்க முடியாத மனிதர். கொடுத்தார். அண்ணி அதை மேசையில் வைத்துவிட்டு, செயலாளருடையதையும் பொருளாளருடையதையும் கொழுந்தனிடம் கொடுத்தார். "ஒண்ணை நேராப் பிடி. இன்னொண்ணைக் குறுக்கா, செங்குத்தா பிடி. ரெண்டு வழியாவும் ஜன்னலைப் பாரு."

"ஐயோ, மொத்த இருட்டு அண்ணி. கடலையே காணோம்."

"ரெண்டும் போலரைஸ்டுன்னா அப்படித்தான். இப்பப் பொருளாளரோடதை வச்சுட்டுத் தலைவரோடதை எடு."

கொழுந்தன் குறுக்கே பிடித்தான். திருப்பிப் பிடித்தான். துணைத் தலைவரிடம் நீட்டி, அவரையும் பார்க்கச் சொன்னான்.

"கடல் நல்லாத் தெரியுதே," என்றார் துணைத் தலைவர்.

"என்னோட கலர் பிளாஸ்டிக் வழியா தெரியற மாதிரியே தெரியுது," என்றான் கொழுந்தன். "சார், நாம ரெண்டு பேரும் ஒரே ரகம்."

தலைவர் முகத்தில் ரத்தம் ஏறியது. "கடைக்காரன் என்னை ஏமாத்தியிருக்கான். போலரைஸ்டுன்னு சொல்லிச் சாதாரணக் கண்ணாடியைத் தலையில கட்டியிருக்கான். அவன் மேல நடவடிக்கை எடுக்கணும்."

"அப்படீன்னா," என்றார் அண்ணி, "ஞாயித்துக்கிழமை உங்க கண்ணுக்கு மீட்டர் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். பார்த்துக்கிட்டே மணல்ல ஏத்தினீங்களா?"

தலைவர் தொப்பியைச் சரிசெய்தார். "இல்லை. அன்னைக்குப் போட்டிருந்தது போலரைஸ்டுதான்."

"அப்ப அதுக்கப்புறம் லென்ஸை மட்டும் மாத்தியிருக்கீங்க. அதே ஃபிரேம். காரணம் தெரியாம யாரும் அப்படி மாத்த மாட்டாங்க. மதியம் துறையில நின்னு காத்து பன்னெண்டுன்னு படிச்சீங்க. மத்தவங்களுக்கு அந்தத் திரை மூணு வாரமா செத்துக் கிடக்கு. இப்ப ஒரு நிமிஷம் முன்னாடி மூணு எட்டைப் பார்த்துட்டே கறுப்புன்னீங்க."

"எல்லாம் சரி அண்ணி," என்றான் கொழுந்தன், "திரை தெரியணும்னா இவர் பேசாம கழட்டி வீட்லயே வச்சிருக்கலாமே. எதுக்கு அதே மாதிரி போட்டுக்கிட்டு அலையணும்?"

"இவர் கழட்டினா மத்த நாலு பேரும் கழட்டிடுவாங்கடா. கழட்டினா மீட்டர் தெரிஞ்சுடும்."

நால்வரும் மேசை மேல் கிடந்த தங்கள் கண்ணாடிகளைப் பார்த்தார்கள். அதைவிட மோசமான குற்றச்சாட்டை அந்த அறை இதுவரை கேட்டதில்லை, மறுக்கவும் வழியில்லை.

தலைவர் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல வழுக்கை, சாதுவான மனிதர்.

"செவ்வாய்க்கிழமை காலையில கார்ல உக்காந்தேன்," என்றார் மெதுவாக. "முன்னால திரையில மணி பார்த்தேன். தெரியலை. வண்டியும் போச்சான்னு தலையைச் சாய்ச்சேன். தெரிஞ்சுது." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அதுக்குள்ள நான் எழுதிக் குடுத்துட்டேன். நாலு பேரும் எழுதிட்டாங்க. பதினோரு வருஷமா முதல் படகு என்னுது."

"அவங்களுக்குப் பதினாலு வருஷம் சார்," என்றார் அண்ணி.

துணைத் தலைவர் தன் பவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தீர்மானத் தாளை இரண்டாகக் கிழித்தார். விதி பதினேழு செல்லும் என்று செயலாளர் முன்மொழிந்தார். பொருளாளர் வழிமொழிந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பல் டாக்டர் கையைத் தூக்கினார். தலைவர் ஒரு வருடம் சுக்கானைத் தொட மாட்டார். பட்டறை இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

"உங்ககிட்ட கமிட்டி சார்பா வருத்தம் தெரிவிச்சு ஒரு தீர்மானம் போடணும்," என்றார் துணைத் தலைவர் மீட்டரம்மாவைப் பார்த்து. "எப்படி எழுதலாம்னு..."

"மெதுவா எழுதுங்க சார்." மீட்டரம்மா பாட்டரிக் கம்பியைப் பிடுங்கி, மீட்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதைத் திரும்ப மாட்டணும். படகுக்கு அடியில இருக்கிற சென்சார் மணல்ல உரசியிருக்கும், அதைப் பார்க்கணும். அஞ்சு நாளா படகைத் தொட விடலை. அதுக்கு முன்னாடி பசங்க கட்டின மூட்டையைப் பிரிக்கச் சொல்லணும்."

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கதவுக்கும் மேசைக்கும் நடுவில் தலைவரின் நாற்காலி இருந்தது.

"கொஞ்சம் நகருங்க சார்."

தலைவர் எழுந்து, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, வழி விட்டார்.